திரி: "ஐரோப்பாக்காரன் துணி தைக்கிறத விட்டு நாப்பது வருஷம் ஆச்சு"ன்னு சொன்னவருக்கு

வெட்டாறு (இரவு 8:10)
நேத்து டீக்கடை திரியில பழைய மெர்ச்சன் அண்ணன் போற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. "ஐரோப்பாக்காரன் துணி தைக்கிறத விட்டு நாப்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கு உலகத்துக்கே சட்டை மாட்டி விடுறது ஆசியாதான், மத்தவன் கணக்குலயே இல்ல"ன்னு. பதினஞ்சு பேரு லைக் வேற. லைக் போட்டவங்கள்ல ஒருத்தராவது உலக வர்த்தக அமைப்பு வருஷா வருஷம் போடுற டேபிளத் தொறந்து பாத்தீங்களா? ஆயத்த ஆடை ஏத்துமதியில சைனா முதல் இடம், 2022ல 32 சதவீதம் கிட்ட. ரெண்டாவது யாரு? பங்களாதேஷ் இல்ல, வியட்நாம் இல்ல. ஐரோப்பிய யூனியன். 27, 28 சதவீதம். 2000லயும் ஏறக்குறைய இதே அளவுதான், அசையவே இல்ல. நாம 2000ல 3, இப்பவும் 3. இன்னொண்ணும் சொல்றேன், உக்காந்து படிங்க. ஜெர்மனிய மட்டும் தனியா எடுத்தாக்கூட இந்தியாவ விட ஜாஸ்தி. கணக்குலயே இல்லாதவன் நம்மள விட மேல இருக்கான்.

மன்னை மைனர் (8:14)
ஆரம்பிச்சாச்சு. கடலை வாங்கிட்டு வந்துடுறேன்.

பழைய மெர்ச்சன் (8:31)
தம்பி வெட்டாறு, என் பேரப் போட்டே திரி தொறந்திருக்கிய, சந்தோஷம். முறைநீர் திரியில பட்ட காயம் இன்னும் ஆறல போலருக்கு. சரி விஷயத்துக்கு வருவோம். நான் 1998லேந்து 2015 வரைக்கும் திருப்பூர்ல மெர்ச்சன்டைசரா, அதாவது வெளிநாட்டு பையர் ஆர்டர கம்பெனியில முடிச்சு அனுப்பற ஆளா, இருந்தவன், பதினேழு வருஷம், பையர்கிட்ட திட்டு வாங்கி, கட்டிங் மாஸ்டர்கிட்ட திட்டு வாங்கி, ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி ஏத்திவிட்டு ரூமுக்குப் போனவன். ஜெர்மனி ஆர்டர் மட்டுமே எத்தனை பார்த்திருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. அந்த ஜெர்மனிக்காரன் நம்மள விட ஜாஸ்தி சட்டை ஏத்துமதி பண்றான்னு நீங்க டேபிள் பாத்து சொல்றீங்க. ஒரே ஒரு கேள்வி. ஜெர்மனில எந்த ஊர்ல தையல் மெஷின் ஓடுது? ஊர் பேர் சொல்லுங்க.

வெட்டாறு (8:36)
நான் ஏத்துமதி பத்திப் பேசுறேன், நீங்க தையல் மெஷின் பத்திப் பேசுறீங்க.

பழைய மெர்ச்சன் (8:37)
ஊர் பேர்.

மன்னை மைனர் (8:38)
பெர்லின் பவர் டேபிள், பிராங்க்பர்ட் பனியன் கம்பெனி, ஹாம்பர்க் காஜா பட்டன்.

பழைய மெர்ச்சன் (9:02)
தம்பி ஊர் பேர் தேடுற வரைக்கும் நான் ஒரு கதை சொல்றேன். எங்க கம்பெனியில குழந்தைங்க டீசர்ட் ஒரு ஆர்டர், நாலு கலர். அட்டைப்பெட்டி மேல ஒட்டுற ஸ்டிக்கர்ல ஊர் பேரு ரோட்டர்டாம். அது நெதர்லாந்துல இருக்கற துறைமுகம். ஆனா உள்ள பீஸுல மாட்டுற விலை ஸ்டிக்கர் மூணு தினுசு, யூரோ ஒண்ணு, போலந்து காசு ஒண்ணு, டென்மார்க் காசு ஒண்ணு. பேக்கிங்ல இருந்த பையன் மாத்தி மாட்டிட்டான். எண்ணூறு பெட்டியப் பிரிச்சு ராத்திரி முழுக்க மாத்தினோம், பேக்கிங் டேபிள் மேல நானே ஏறி உக்காந்து ஸ்டிக்கர் கிழிச்சேன், ரெண்டு நகக்கண்ணும் மறுநாள் வீங்கிப் போச்சு. இப்ப கேளுங்க. அந்தப் பெட்டி தூத்துக்குடியில கப்பல் ஏறினப்ப இந்தியாவோட ஏத்துமதி. சரி. ரோட்டர்டாம்ல இறங்கி, கஸ்டம்ஸ் முடிஞ்சு, குடோனுக்குப் போயி, அங்கேந்து லாரியில போலந்து போவுதுல்ல, அப்ப அது நெதர்லாந்தோட ஏத்துமதி! அதே பீஸ், அதே ஸ்டிக்கர், நான் ஒட்டினது. விலை மட்டும் ஏறியிருக்கும். உங்க 28 சதவீதத்துல பாதிக்கு மேல, நல்லாவே மேல, ஐரோப்பிய நாடுங்க அவங்களுக்குள்ளயே வித்துக்கறது. தஞ்சாவூர்லேந்து கும்பகோணத்துக்கு லாரி போனா அத தமிழ்நாட்டு ஏத்துமதின்னு போடுவீங்களா? அந்த உள் வியாபாரத்த எடுத்துட்டுப் பாருங்க, ஐரோப்பா பத்து சதவீதத்தச் சுத்தித்தான் நிக்கும். ஜெர்மனியும் இப்படித்தான் நம்மள விட மேல வந்தான். குடோன் வச்சு.

கடைமடை (9:10)
தஞ்சாவூர்லேந்து லாரி வருது, தண்ணிதான் வரமாட்டேங்குது. சும்மா சொன்னேன். தொடருங்க.

நொய்யல் கரை (9:15)
ஏனுங்ணா, தூத்துக்குடில ஏத்துனீங்களா கொச்சில ஏத்துனீங்களா. நம்ம சரக்கு ரெண்டு பக்கமும் போவும். மத்தபடி மெர்ச்சன் அண்ணன் சொல்றது நெசம்தானுங்க. ஜெர்மனில ஏதுங்க மெசினு.

வெட்டாறு (9:40)
கிடைச்சிடுச்சு. புர்லாடிங்கன். தெற்கு ஜெர்மனியில இருக்கு. ட்ரிகேமான்னு கம்பெனி, டீசர்ட்டு, விளையாட்டு டிரஸ்ஸு எல்லாம் ஜெர்மனியிலயே தைக்குது, அதையே விளம்பரமா போடுது, ஆயிரத்துக்கு மேல ஆளு. ஊர் பேர் கேட்டீங்க, கொடுத்துட்டேன். இப்ப "நாப்பது வருஷம் ஆச்சு"ங்கறத வாபஸ் வாங்குங்க.

மன்னை மைனர் (9:41)
புர்லாடிங்கன்!!! பேரே குண்டு போட்ட மாதிரி இருக்கு.

பழைய மெர்ச்சன் (9:58)
ஆயிரம் பேரா. ஐயோ பயந்துட்டேன். அவினாசி ரோட்ல காலையில எட்டரை ஷிப்டுக்கு கேட் முன்னாடி நின்னு பாருங்க, ஒரே சந்துல ஆயிரம் பேரு டிபன் பாக்ஸோட போவான். ஒரு கம்பெனி, ஒரு ஊரு. அதுவும் "நாங்க இங்கயே தைக்கிறோம்"னு விளம்பரம் போடுறான்னா என்ன அர்த்தம்? மத்த எவனும் அங்க தைக்கலன்னு அர்த்தம். சோறு எல்லாரும் வடிக்கிற தெருவுல "எங்க வூட்ல சோறு வடிக்கிறோம்"னு போர்டு வைப்பானா? இந்த ஆயிரம் பேரு தச்சா இந்தியாவ மிஞ்சிட முடியுமா? இரண்டாவது ஊரு சொல்லுங்க.

வெட்டாறு (10:05)
இப்ப இரண்டாவது ஊரா. கோல் போஸ்ட்ட தூக்கிட்டு ஓடுறீங்க. நான் ஜெர்மனி தைக்குதுன்னு எங்கயாவது எழுதினேனா? மேல போய்ப் படிங்க. "ஏத்துமதி"ன்னு எழுதியிருக்கேன். ஏத்துமதிங்கறது ஒரு நாட்ட விட்டு சரக்கு வெளியில போறது. அவ்வளவுதான். யாரு தச்சாங்கறது வேற கேள்வி. இத்தாலி தைக்குது, போர்ச்சுகல் தைக்குது, ருமேனியா தைக்குது, அதெல்லாம் மறந்துடுவீங்க, ஜெர்மனியப் பிடிச்சுட்டுத் தொங்குவீங்க. 1980ல எடுத்துப் பாருங்க, ஹாங்காங் முதல்ல, ஒட்டினாப்புல இத்தாலி, ரெண்டும் 11, 12 சதவீதம். சைனா அப்ப வெறும் 4 கிட்ட. இத்தாலிக்காரன் என்ன கையக் கட்டிட்டா இருந்தான்.

பழைய மெர்ச்சன் (10:06)
தொங்கவிட்டது நீங்க. "ஜெர்மனி இந்தியாவ விட ஜாஸ்தி, உக்காந்து படிங்க"ன்னு எழுதினது யாரு.

செக்கிங் அக்கா (10:20)
குறுக்க வரேன் மன்னிச்சுக்கங்க. நான் ஒரத்தநாடு பக்கம். கஜா அடிச்ச 2018ல தென்னை எல்லாம் போனதுக்கப்புறம் நானும் வூட்டுக்காரரும் திருப்பூர் போயி மூணு வருஷம் இருந்தோம், அவரு கட்டிங்ல ஹெல்பரு, நான் மொதல்ல கைமடி, தைக்கிறவங்களுக்கு ஒத்தாசை, அப்புறம் செக்கிங். இப்ப ஊருக்கே வந்துட்டோம். எங்க சித்தி மவன் ஜெர்மனியில இருக்கான், போன மாசம் எம் பொண்ணுக்கு ஒரு கவுன் அனுப்பிச்சான். பழக்க தோசம், கையில எடுத்ததுமே இடது பக்க சைட் சீமத் திருப்பி கீழேந்து நாலு விரக்கட மேல கை போயிடுச்சு, லேபிள் அங்கதான் இருக்கும். மேட் இன் பங்களாதேஷ்னு இருக்கு. விலை அட்டையில 19.99 யூரோ. பார்சல்ல ஜெர்மனி ஸ்டாம்பு. கழுத்துப் பட்டியில ஒரு எடத்துல தையல் விட்டு ஓடியிருக்கு, எங்க லைன்ல இருந்தா நான் ஸ்டிக்கர் ஒட்டி ரிட்டன் போட்டிருப்பேன். இந்தக் கவுனு யாரு கணக்குலண்ணே வரும்?

பழைய மெர்ச்சன் (10:24)
அக்கா வாயில சர்க்கரை. இதத்தான் ரெண்டு மணி நேரமா கத்திட்டிருக்கேன்.

வெட்டாறு (10:25)
அக்கா நன்றி. ஜெர்மனியிலேந்து தானே வந்துச்சு? அப்ப யாரோட ஏத்துமதி? நான் சொன்னதுக்கு நீங்களே சாட்சி.

செக்கிங் அக்கா (10:27)
ரெண்டு பேருமே எனக்கு நன்றி சொல்றிய. கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல.

மன்னை மைனர் (10:29)
சித்தி மவன் கணக்குலக்கா.

பழைய மெர்ச்சன் (11:12)
சரி, ஜெர்மனிய ஒரு நிமிஷம் ஓரங்கட்டிட்டு முழு வரலாறும் எழுதுறேன், அரைகுறையா டேபிள் பாக்குறவங்க படிக்கட்டும். 1974லேந்து ஒரு ஒப்பந்தம் இருந்துச்சு, கோட்டா ஒப்பந்தம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு ஏழை நாட்டுக்கும் "நீ இத்தனை டஜன் சட்டைதான் அனுப்பலாம், இத்தனை டஜன் பேண்ட்தான் அனுப்பலாம்"னு அளந்து வச்சான். ஹாங்காங், தென் கொரியா, தைவானுக்கெல்லாம் அளவு முட்டிப் போச்சு. அவன் சும்மா இருப்பானா, அளவு முட்டாத நாட்டத் தேடிப் போனான். 1979ல கொரியாக்காரன் டேவூ கம்பெனி பங்களாதேஷ்ல தேஷ்னு ஒரு கம்பெனியோட கை கோத்து 130 பேர பூசான் ஊருக்குக் கூட்டிட்டுப் போயி பல மாசம் தையல் கத்துக்கொடுத்தான். திரும்பி வந்த ஆளுங்க கொஞ்ச வருஷத்துல ஒவ்வொருத்தரா வெளிய போயி தனிக் கம்பெனி வச்சாங்க, இல்ல வச்சவன்கிட்ட மேனேஜரா உக்காந்தாங்க. ஒரு பெட்டி வெத நெல்லு மாதிரி. ஒரு நாட்டு தொழிலே அதுலேந்து மொளைச்சுது. அப்ப நாம என்ன பண்ணிட்டிருந்தோம்? தையல் தொழில சிறுதொழில் லிஸ்டுல போட்டு, பெரிய பாக்டரி கட்டாதேன்னு சொல்லிட்டிருந்தோம். 2000த்துக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா லிஸ்ட்லேந்து எடுத்தான். அதுக்குள்ள எவ்வளவு தண்ணி ஓடிப்போச்சு. நம்ம ஊர்ல கோட்டாவ வாங்கி விக்கவே ஒரு கூட்டம் இருந்துச்சு, கோட்டா கையில வச்சிருந்தவன் ஒரு ஊசி நூல் கோக்காம அத அடுத்தவனுக்கு வித்தே கார் வாங்கினான், நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கண்ணால பார்த்தேன். அப்புறம் சைனா 2001 டிசம்பர்ல உலக வர்த்தக அமைப்புல சேர்றான், 2005 ஜனவரி 1 கோட்டா ஒழிஞ்சுது. அந்த வருஷமே ஐரோப்பாத் துறைமுகத்துல சைனா சரக்கு ஏழு எட்டு கோடி பீஸ் இறங்க விடாம நின்னுச்சு, பனியன், பேண்ட், உள்ளாடை எல்லாம், ஆடிப்போயி திரும்பக் கட்டுப்பாடு போட்டான். ஒண்ணும் நிக்கல. 2000ல 18 சதவீதமா இருந்த சைனா 2010ல 37 கிட்டப் போயிட்டான். அப்புறம் கூலி ஏறி 2022ல 32க்கு இறங்கிட்டான். இறங்கினது யாருக்குப் போச்சு? பங்களாதேஷ் 2000ல ரெண்டரை, 2022ல 8 கிட்ட. வியட்நாம் ஒண்ணுகூட இல்ல, இப்ப 6. நாம 3. இருபது வருஷமா பந்தியில எல பரப்பிட்டு ஒக்காந்திருக்கோம், சாம்பார் வாளி பக்கத்து எலையோட திரும்பிப் போயிடுது. இதெல்லாம் ஆசியாவுக்குள்ள நடக்குற சண்டை தம்பி. இதுல ஜெர்மனி எங்க வந்தான்? எந்த ஊரு?

வெட்டாறு (11:20)
இவ்ளோ எழுதியும் 28 சதவீதம் ஏன் அசையலங்கறதுக்கு பதில் இல்ல. புர்லாடிங்கன்.

மன்னை மைனர் (11:21)
அண்ணன் எழுதினத அச்சடிச்சா ஒரு மூட்ட கட்டலாம்.

நொய்யல் கரை (11:34)
நாம 3ன்னு சொல்றீங்களே அது ஏனுங்க கொறைச்சலு? 2000ல மொத்தமே 600 கோடி டாலருங்க, இப்ப 1500 கோடிக்கு மேல. ஒலகமே பெருசாச்சு, நாமளும் கூடவே பெருசானோம், அதனாலதான் அதே 3. நீங்க பங்க மட்டும் பாத்துட்டு நம்மூரு தூங்குச்சுன்னு எழுதுறீங்க. அதுபோக நம்மாளுங்க போடுற பனியனு, ஜட்டி, நைட்டி எல்லாம் இங்கதானுங்க தைக்கிறோம், அது உங்க ஏத்துமதி டேபிள்ல வராது. நம்மூரு பனியன் மார்க்கெட்டு காதர்பேட்டையில ஒருநாள் வந்து நில்லுங்க தெரியும். பங்களாதேஷுக்கு ஐரோப்பால வரி சைபரு, 2001லேந்து. நமக்கு ஒம்பது சதவீதத்துக்கு மேல கட்டணும், அதுவே ரொம்ப வருசமா. அவன் ஓடுறான்னா அவன் முதுகுல மூட்டையில்லீங்க. 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டப்ப நம்மூர்ல எத்தன மெசினு நின்னுச்சு தெரியுமுங்களா. தூங்குனோமாம்.

பழைய மெர்ச்சன் (11:40)
நான் தூங்கினோம்னு சொல்லல. எல பரப்பிட்டு ஒக்காந்திருந்தோம்னு சொன்னேன்.

நொய்யல் கரை (11:42)
ரெண்டும் ஒண்ணுதானுங்க.

கடைமடை (11:55)
திருப்பூர்க்காரரு பேச ஆரம்பிச்சுட்டாரு, அப்ப நானும் பேசலாம். 3 சதவீதம், 3 சதவீதம்னு பெருமையாச் சொல்றிய, அந்த 3 சதவீதத்துக்கு சாயம் எங்க போச்சு? நொய்யல்ல போச்சு. நொய்யல் எங்க வந்து சேருது? கரூர் மாவட்டத்துல காவிரியில. காவிரி எங்க வருது? எங்க வாய்க்காலுக்கு. ஒரத்துப்பாளையம் அணை 1992ல கட்டினாக, பாசனத்துக்குன்னு கட்டி சாயத்தண்ணிய தேக்கி வச்சதுதான் மிச்சம். 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைய எல்லாம் மூடுன்னு சொல்ற வரைக்கும் யாரு கேட்டிய எங்கள? சைனா பங்கு, ஜெர்மனி பங்கு எல்லாம் பேசுறிய. எங்களுக்கு வந்த பங்கு அதுதான்.

நொய்யல் கரை (12:03)
அண்ணா அது பழைய கதைங்க. இப்ப சாயப்பட்டறைல ஒரு சொட்டு வெளிய விடக்கூடாது, சுத்திகரிச்சு திரும்ப அதே தண்ணியவே ஊத்தணும், உப்ப எடுத்து மூட்டை கட்டணும், அதுக்கான செலவு எங்க தலைல. பங்களாதேஷ்காரன் இந்தச் செலவு பண்ணிட்டா போட்டிக்கு வரான்? மொதல்ல கஷ்டப்பட்டது அந்த அணையைச் சுத்தி இருக்குற எங்க பக்கத்து வெவசாயிதானுங்க, கேஸ் போட்டதும் அவிங்கதான். நீங்க கடைசில இருக்கீங்க, உங்களுக்கு வர்றதுக்குள்ள…

கடைமடை (12:04)
வர்றதுக்குள்ள என்ன? தண்ணியே வராதுன்னா? சொல்லுங்க சொல்லுங்க.

நொய்யல் கரை (12:05)
நான் அப்படிச் சொல்லலீங்க.

மன்னை மைனர் (12:06)
சொல்லிட்டாரு.

கடைமடை (12:18)
இன்னொண்ணும் கேட்டுக்கங்க. ஏத்துமதின்னா என்னன்னு திருப்பூருக்குக் கத்துக்கொடுத்ததே எங்க கரைதான். 1620ல டென்மார்க்காரன் தரங்கம்பாடியில கோட்டை கட்டினான், 1658ல டச்சுக்காரன் நாகப்பட்டினத்தப் போர்ச்சுகீசியன்கிட்டேந்து பிடிச்சான், எதுக்கு, எங்க ஊரு மீனுக்கா? துணிக்கு. இந்தத் துணியக் குடுத்துத்தான் ஜாவா பக்கம் போயி மிளகும் கிராம்பும் வாங்கினான். பழவேற்காட்லேந்து தலைமை ஆபீஸையே 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்தினான். அப்ப உங்க பங்கு எத்தனை சதவீதம் ஜெர்மனிக்காரரே?

வெட்டாறு (12:22)
நான் ஜெர்மனிக்காரன் இல்ல. நான் டேபிள் சொன்னேன். எல்லாரும் என்னய ஏன் ஜெர்மனிக்காரன் ஆக்குறீங்க.

பழைய மெர்ச்சன் (12:30)
கடைமடை அண்ணே, அது நெசவுத் துணி. நாம பேசுறது ஆயத்த ஆடை. ரெண்டும் வேற வேற டேபிள். நூலு, துணி ஒரு கணக்கு, தச்ச உடுப்பு ஒரு கணக்கு.

வெட்டாறு (12:31)
இப்ப மட்டும் டேபிள் வேணுமாக்கும்? எனக்குன்னா "டேபிள் பாத்து சொல்றீங்க"ன்னு நக்கல், அவருக்குன்னா டேபிள் பிரிச்சுக் காட்டுறது.

கடைமடை (12:33)
துணி இல்லாம எதத் தைப்பிய, காத்தையா?

திருபுவனம் தறி (12:50)
இவ்ளோ நேரம் படிச்சுட்டே இருந்தேன். பட்டுத்தறிக்காரன் நான். இந்த சதவீதம் எதுலயும் எங்க வூட்டு சேலை வராது, ஒரு சேலை பதினஞ்சு நாள், யாரும் ரோட்டர்டாம் ஸ்டிக்கர் ஒட்டல. எம் மவன் தறி வேணாம்னு உங்க அவினாசி ரோட்டுக்குத்தான் வந்துட்டான், பேட்லாக் மெஷின் ஓட்டுறான், பீஸ் ரேட்டு. ஞாயித்துக்கெழம ராத்திரி கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல வந்து பாருங்க, திருப்பூர் பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்கிற புள்ளைங்களத்தான் நாங்க ஏத்துமதி பண்றோம்.

நொய்யல் கரை (12:54)
வந்த புள்ளைகளுக்கு நம்மூருதானுங்க சோறு போடுது.

கடைமடை (12:55)
சோத்துக்கு அரிசி எங்கேந்து வருது?

மன்னை மைனர் (12:56)
ஐயய்யோ.

நொய்யல் கரை (1:01)
அரிசி காசு குடுத்துத்தானுங்க வாங்குறோம், சும்மாவா குடுக்குறீங்க. இப்பெல்லாம் உங்க ஊரு பசங்க எங்க வராங்க, வர்றவங்க தீபாவளிக்குப் போனா பொங்கல் கழிச்சுதான் திரும்பறாங்க. ஒடிசா பசங்க இல்லீன்னா சிப்மெண்ட்டே தாட்டி விட முடியாது.

செக்கிங் அக்கா (1:05)
நான் தீபாவளிக்கு மூணு நாளு மட்டும்தாண்ணே போனேன், மூணு வருசமும். ஒன்றரை ஷிப்டு நின்னுட்டு ராத்திரி வூட்டுக்குப் போனா பொண்ணு தூங்கிப் போயிருக்கும். பொத்தாம் பொதுவா சொல்லாதிய.

நொய்யல் கரை (1:06)
உங்களச் சொல்லலீங்க அக்கா.

மட்டுறுத்துநர் (1:10)
இது ஆயத்த ஆடை ஏற்றுமதி பற்றிய திரி. காவிரி நீர், அரிசி, ஊர்ச் சண்டை எல்லாம் அதனதன் திரியில். மீறினால் திரி பூட்டப்படும். அனைவரும் தலைப்புக்கு வரவும்.

பழைய மெர்ச்சன் (1:25)
தலைப்புக்கு நான் எப்பவும் வெளிய போனதே இல்ல. தலைப்பு ஜெர்மனி.

வெட்டாறு (1:26)
தலைப்பு ஐரோப்பா! நான்தான் திரி தொறந்தேன், எனக்குத் தெரியும். நீங்க "நாப்பது வருஷம்"னு சொன்னதுதான் தலைப்பு. அதுக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னீங்களா? இத்தாலில இன்னிக்கும் தைக்கிறான், ஒத்துக்கறீங்களா இல்லையா?

பழைய மெர்ச்சன் (1:48)
இத்தாலி. சரி இத்தாலிக்கே வரேன். இத்தாலிக்காரன் தைக்கிறான், இல்லேங்கல. அவன் தைக்கிறது ஒரு கோட்டு நம்ம ஆயிரம் டீசர்ட் விலை. டேபிள்ல இருக்கறது பீஸ் கணக்கா காசு கணக்கா? காசு. டாலர்ல போடுறான். உங்க ஐரோப்பா 28ங்கறது விலை ஏத்தி வித்ததுல ஒரு பங்கு, உள்ளுக்குள்ள சுத்தினதுல பெரும்பங்கு. பீஸ எண்ணிப் போட்டிருந்தா ஐரோப்பா நெத்தியில ஒட்டின பொட்டு அளவு இருக்கும். எங்க கம்பெனியில ஒரு தடவ பையர் வந்தாரு, அந்த டீசர்ட்டுக்கு எங்களுக்கு ரெண்டு டாலர் சொச்சம் குடுத்தாங்க, அவர் போனுல காட்டின கடை விலை 15 யூரோ. அந்த 13 சொச்சம் எந்த நாட்டுல தச்சது? சொல்லுங்க. பங்களாதேஷ்ல தையல் பாக்டரிங்க இருந்த ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 இடிஞ்சு ஆயிரத்து நூத்துச் சொச்சம் பேரு செத்தாங்களே, அவங்க தச்சுக்கிட்டிருந்ததெல்லாம் யாரு கடைக்கு? அந்தச் சரக்குல எத்தனை பீஸு ஜெர்மனி ஏத்துமதின்னு, நெதர்லாந்து ஏத்துமதின்னு உங்க டேபிள்ல ஏறியிருக்கும். அதத்தான் நான் "மத்தவன் கணக்குலயே இல்ல"ன்னேன். இருக்கான், கணக்குல மட்டும்தான் இருக்கான். அதையும் நீங்கதான் சொல்ல வச்சீங்க.

மன்னை மைனர் (1:50)
"கணக்குலயே இல்ல"லேந்து "கணக்குல மட்டும்தான் இருக்கான்"னு வந்துட்டாரு. ஒரே ராத்திரியில.

வெட்டாறு (1:51)
மைனர் வாழ்க. இதுக்கு மேல என்ன வேணும். ஒத்துக்கிட்டாரு.

பழைய மெர்ச்சன் (1:52)
எங்க ஒத்துக்கிட்டேன்? எந்த வரி? எடுத்துப் போடுங்க.

வெட்டாறு (1:53)
"இத்தாலிக்காரன் தைக்கிறான், இல்லேங்கல." நீங்க எழுதினது.

பழைய மெர்ச்சன் (1:55)
அது இத்தாலி. நான் கேட்டது ஜெர்மனி. மேட்டூர் ஜூன் 12ல தொறக்கலன்னு சொல்லிட்டு ஆடி முடியற வரைக்கும் என்னோட மல்லுக்கு நின்ன ஆளுதானே நீங்க, அன்னிக்கும் இப்படித்தான் ஒரு வரிய உருவி எடுத்தீங்க.

வெட்டாறு (1:57)
அந்த வருஷம் தொறக்கலதானே!

கடைமடை (1:58)
தொறந்தாலும் எங்களுக்கு வரல.

மட்டுறுத்துநர் (2:00)
கடைசி எச்சரிக்கை.

நொய்யல் கரை (2:02)
நாளைக்கு காலைல ஷிப்மெண்ட்டுங்க, நான் கெளம்புறேன். நாம 3 இல்லீங்க, 3ன்னா மதிப்புல 3. அதையாவது சரியா எழுதுங்க.

செக்கிங் அக்கா (2:04)
அந்தக் கவுனு யாரு கணக்குன்னு காலைலயாவது சொல்லுங்க. தையல் விட்ட எடத்த நானே ஊசி போட்டுட்டேன்.

பழைய மெர்ச்சன் (2:06)
அக்கா விடியட்டும் எழுதுறேன், நடவுக்கு ஆளு வருது, நாலு மணிக்கு எந்திரிக்கணும். வெட்டாறு தம்பி, ஊர் பேரு இன்னும் வரல.

வெட்டாறு (2:07)
பு ர் லா டி ங் க ன்.

பழைய மெர்ச்சன் (2:07)
ரெண்டாவது ஊரு கேட்டேன்.